பச்சை அம்பு செய்த காரியம்

பகவதிக்கு அந்தச் சிவப்பு அம்பைக் கண்டாலே ஆகாது.

மணக்காட்டில், ஆற்றுக்கால் கோயிலுக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் சந்தில் அவர்கள் வீடு. முன்னறை ஜன்னலோரம் கம்ப்யூட்டர் மேசை. வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தபிறகு அழகியநம்பி வாரத்தில் பாதி நாள் ஆபீசுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்த்தான். கழக்கூட்டத்துக்கு இரண்டு பஸ் மாறி வேர்த்து விறுவிறுத்துப் போகிற புருஷன் கண்முன்னாலேயே இருக்கிறானே என்று முதலில் பகவதிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேளைக்குச் சூடாகச் சோறு போடலாம், பதினோரு மணிக்கு ஒரு சாயா கொடுக்கலாம். அப்புறம்தான் அவன் தனியாக உட்காரவில்லை என்பது தெரிந்தது.

அவன் கம்பெனி செய்துகொண்டிருந்தது வித்தியாசமான ஒரு சாப்ட்வேர். வீடு கட்டுமுன் பிளான் போடுகிற மாதிரி, பெரிய சாப்ட்வேர் எழுதுவதற்கு முன்னாலும் ஒரு படம் போட வேண்டுமாம். எந்தப் பகுதி எதோடு சேரும், எது எதற்குத் தகவல் கொடுக்கும் என்று கட்டம் கட்டமாக வரைந்து கோடு இழுக்க வேண்டும். அந்தப் படத்தைப் போடுவதற்கான சாப்ட்வேர்தான் இது. முன்பெல்லாம் ஒருவர் படத்தைத் திறந்தால் மற்றவர்களுக்கு ஒரு பூட்டுப் படம் தெரியும். அவர் முடித்து வெளியேறும்வரை காத்துக் கிடக்க வேண்டும். நம்பிக்குத்தான் பூட்டை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. யார் எங்கே இருந்தாலும் ஒரே தாளில் ஒரே நேரத்தில் வரையலாம். ஆளுக்கு ஒரு நிறத்தில் அம்பு. இரண்டு வருஷமாக இதற்காகவே உட்கார்ந்திருந்தான். பச்சை அம்பு அவன்.

சிவப்பு அம்பு ஆர்யா.

மாசி வெயில் காலையிலேயே சுட்டது. பகவதி முன்னறை வாசற்படியருகே பழைய பேப்பரை விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பிஞ்சுப் பலாவான இடிச்சக்கையை அரிந்துகொண்டிருந்தாள். பால் பிசின் கையெல்லாம் ஒட்டியது. கண் மட்டும் திரையில் இருந்தது. சிவப்பு அம்பு விறுவிறுவென்று வந்து ஒரு கட்டம் போட்டது. பச்சை அம்பு பக்கத்தில் போய் ஒரு கோடு இழுத்தது. சிவப்பு இந்தப் பக்கம் நகர்ந்தால் பச்சை ஒதுங்கி வழிவிட்டது. சில சமயம் இரண்டும் ஒரே இடத்தில் அசையாமல் நின்றன. அந்த நிற்றல்தான் பகவதிக்குத் தாங்கவில்லை. அடுக்களையில் குழாயை மறித்து நின்றுகொண்டு, அவள் குடத்தோடு பின்னால் நிற்பதுகூடத் தெரியாமல் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருக்கிற மனுஷன் இவன். இங்கே எப்படி ஒதுங்குகிறான் பார்.

"இன்னைக்கும் அவளா?" என்றாள்.

"எவ?"

"செவப்பு."

நம்பி சிரித்தான். "ஆர்யான்னு பேரு இருக்குல்லா."

"எனக்கு என்னத்துக்கு அவ பேரு. ரெண்டும் என்ன பேசாம நிக்கி?"

"யோசிக்கோம் பகவதி. ஒருத்தர் யோசிக்கது இன்னொருத்தருக்குத் தெரியணும். அதுக்குத்தான இந்தப் பாடு." திரையைப் பார்த்தபடியே தொடர்ந்தான். "நான் மெனுவுக்குள்ள மெனுவா வெச்சிருந்தேன். இவ வந்து எல்லாத்தையும் வெட்டிட்டா. கையால பிடிச்சு இழுத்தா வரணும், விட்டா நிக்கணும், படிச்சுக் கொடுக்க ஆளே வேண்டாம்னுட்டா. எம்.டி.க்கு ஒரே சந்தோஷம். என் மெனு எல்லாம் போச்சு." மறுபடி சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. பகவதி அதைக் கவனிக்கவில்லை. அவள் காதில் விழுந்ததெல்லாம் இவ, இவ என்பதுதான்.

ஆர்யாவை அவள் நேரில் பார்த்ததில்லை. நெடுமங்காட்டுப் பெண், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அம்மாவுக்கு நாஞ்சில் நாட்டு வேர் என்பதுவரை தெரியும். வேறு ஜாதி, வேறு பாஷை என்றால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. நம் பக்கத்துப் பெண், படித்தவள், இவனோடு சமமாக உட்கார்ந்து பேசத் தெரிந்தவள். பகவதியும் நாகர்கோவிலில் பி.காம். படித்தவள்தான். சாயங்காலம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி சொல்லிக்கொடுக்கிறாள். ஆனால் அவளிடம் நம்பி ஒருநாளும் இது சரியா என்று கேட்டதில்லை.

சந்து முனையில், ஆற்றுக்கால் கோயிலுக்காக மாசியில் பெண்கள் தெருவெங்கும் பொங்கலிடுகிற பொங்காலைக்கான செங்கல்லும் மண்கலமும் விற்க மாடம்மாள் கடை போட்டிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. புருஷன் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவன். செங்கல் பேரம் பேசப் போன இடத்தில் பகவதி வாய்தவறி அம்பு விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

மாடம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எக்கா, எங்க வீட்டு ஆம்பள சாலைக்குப் போயி என்ன கூத்தடிக்கான்னு எனக்குத் தெரியாது. தெரியாததுனால நிம்மதியா ஒறங்குதேன். ஒனக்கு டிவி பொட்டியில போட்டுக் காட்டுதாவளே, அதுல்லா பாடு," என்றாள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பகவதி செங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அது நடந்தது ஒரு திங்கட்கிழமை. நம்பி துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பகவதி மேசையைத் துடைக்க வந்தாள். திரையில் பச்சை அம்பு அனாதையாக ஒரு மூலையில் நின்றது. சிவப்பு அம்பு மட்டும் நம்பியின் பெரிய கட்டத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் போட்டுக்கொண்டிருந்தது. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், ஒன்று ஒட்டி உரசிக்கொண்டு. வீட்டுக்குள் புகுந்து யாரோ சாமான்களை இறக்கி வைப்பது போலிருந்தது அவளுக்கு.

நாற்காலியில் உட்கார்ந்தாள். மௌசைப் பிடித்தாள். பச்சை அம்பு அசைந்ததும் ஒருகணம் பயந்துபோனாள். பிறகு அதை ஒட்டி உரசுகிற கட்டத்தின்மேல் கொண்டுபோய் அழுத்தி இழுத்தாள். வந்தது. கோடும் ரப்பர் மாதிரி நீண்டு கூடவே வந்தது. தாளின் தூரத்து மூலைக்குக் கொண்டுபோய் விட்டாள். நின்றது. அடுத்ததை இழுத்தாள். அதற்கடுத்தது. ஆர்யா போட்ட அத்தனை கட்டத்தையும் ஒன்றுவிடாமல் மூலையில் வரிசையாக வைத்தாள். பெரிதிலிருந்து சிறிதுவரை.

சிவப்பு அம்பு அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மறைந்துவிட்டது.

நெஞ்சு குளிர்ந்த மாதிரி இருந்தது பகவதிக்கு. குளியலறைத் தாழ் திறக்கிற சத்தம் கேட்டதும் அடுக்களைக்கு ஓடிப்போய் அடுப்பிலிருந்த துவரன் கறியைக் கிளறினாள்.

நம்பி வந்து உட்கார்ந்தான். என்ன இது என்று ஒரு சத்தம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. எட்டிப் பார்த்தாள். மோவாயில் கையை ஊன்றிக்கொண்டு அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். மத்தியானம் சாப்பிடும்போதும் கேட்கவில்லை. துவரனில் உப்பு சரியாக இருக்கிறது என்றான். அன்று சாயங்காலம்வரை கட்டங்கள் அந்த மூலையிலேயே இருந்தன. பகவதி போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டாள். பாடம் படிக்க வந்த பிள்ளைகளுக்கு அன்று கொஞ்சம் உற்சாகமாகவே சொல்லிக்கொடுத்தாள்.

மறுநாள் ஆபீசுக்குப் போய்விட்டு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தான்.

"பூட்டு திரும்ப வருது," என்றான்.

"என்ன பூட்டு?"

"தாளுக்கு. ஒருத்தர் வரைஞ்சத இன்னொருத்தர் தொடக்கூடாதுன்னு ஆர்யா மீட்டிங்ல சொல்லிட்டா. எம்.டி.யும் சரின்னுட்டார். பொங்காலை கழிஞ்சு ஜெர்மனியில இருந்து இத வாங்க ஆள் வருது. பூட்டு போட்டுத்தான் காட்டணுமாம்."

"அப்ப நீங்க இத்தன நாளும் செஞ்சது?"

"செஞ்சது செஞ்சதுதான்," என்று எழுந்து போனான். ராச்சாப்பாடு வேண்டாம் என்றான்.

நான்தான் என்று சொல்ல பகவதிக்கு வாய் வந்தது. எதற்கு அப்படிச் செய்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு அம்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்றா? சொல்லவில்லை. அன்றிலிருந்து திரையில் சிவப்பு அம்பு வரவே இல்லை. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. பச்சை அம்பு மட்டும் வெள்ளைத் தாளில் அங்குமிங்கும் போய் நின்றது. புருஷன் தோளைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிற இருப்பைப் பார்க்கப் பார்க்க, கிடைத்தது கசந்தது.

இதற்கிடையில் பொங்காலை வந்துவிட்டது. வீட்டு வாசலில் ஆர்யாவும் அவள் அம்மாவும் அடுப்பு வைத்துக்கொள்ளட்டும் என்று நம்பி எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தான். அந்த அம்மா போன் செய்து, வழக்கம்போல எல்லாம் நடக்கிறது என்கிற மாதிரி, காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறோம் என்றாள்.

பொங்காலைக்கு இடம் பிடிக்கிற வழக்கம் அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூன்று செங்கல்லை வைத்து, சாக்குக்கட்டியால் பேரை எழுதிவிட்டால் போதும். காவல் கிடையாது. நடுரோட்டில் கிடந்தாலும் அடுத்தவள் அதைத் தொடமாட்டாள். பகவதி தன் கல்லை வாசலுக்கு நேரே, வேப்பமர நிழலில் வைத்தாள். ஆர்யாவுக்கும் அம்மாவுக்கும் ஓடைப் பக்கம், காற்று வாக்கில் புகை முழுக்கப் போய் விழுகிற இடத்தில் வைத்தாள்.

மாடம்மாள் பார்த்துவிட்டு, "விருந்தாளிய நல்லாத்தான் கவனிக்க," என்றாள்.

ஆர்யா வந்து இறங்கியதும் பகவதி உச்சி முதல் பாதம்வரை அளந்தாள். ஒல்லி. மூக்குக் கண்ணாடி. இரண்டு துண்டாக உடுத்துகிற செட்டுமுண்டு இடுப்பில் நிற்காமல் நிமிஷத்துக்கு ஒருதரம் இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். இவளா அது என்று நிம்மதிப்படப் போனபோது அவள் திரும்பினாள். முழங்கால் தொடுகிற தலைமுடி. பகவதியின் நிம்மதி போயிற்று. நம்பி "வா ஆர்யா" என்றான். அவள் "குட்மார்னிங் சார்" என்றாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஆண்களுக்கு அங்கே வேலையில்லை என்று நம்பி வெளியே போய்விட்டான்.

ஆர்யாவின் அம்மா அம்மிணி, பேச்சை நிறுத்தத் தெரியாதவள். வெல்லத்தைத் தட்டிக்கொண்டே, பஸ்ஸில் கிடைத்த சீட், நெடுமங்காட்டுச் சந்தையில் தேங்காய் விலை, மகளுக்கு வந்த வரன்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பெண்கள், செங்கல், மண்கலம், எரிக்க ஓலைச்சூட்டு. வெயில் ஏற ஏறத் தார் ரோடு காலைச் சுட்டது. ஒலிபெருக்கியில் கோயில் அடுப்பு மூட்டியாயிற்று என்றார்கள். செண்டை முழங்கியது. பெண்கள் குரவையிடும் சத்தம் தெருத்தெருவாக வந்து சேர்ந்தது. அதன் பின்னாலேயே தீயும் அடுப்பிலிருந்து அடுப்புக்குக் கைமாறி வந்தது.

கொஞ்ச நேரத்தில் புகை எல்லோர் கண்ணையும் மறைத்தது. பகவதியின் கலத்தில் அரிசி நுரைத்து மேலேறியது. கிழக்குப் பார்த்துப் பொங்கி வழிய வேண்டும் என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்திருந்தாள். அந்த நேரம் ஒரு கை வந்து அவள் அடுப்பிலிருந்து எரிகிற தென்னம்பாளைக் கொதும்புகளை வெளியே இழுத்துப் போட்டது. தீ அணைந்தது. நுரை பொசுக்கென்று கலத்துக்குள் இறங்கியது.

ஆர்யா நின்றுகொண்டிருந்தாள்.

"என் அடுப்புல கை வைக்க உனக்கு ஆரு சொன்னா?" பகவதியின் குரல் உயர்ந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் அதில் இருந்தது. "பொங்குத நேரத்துல தீய எடுத்துட்டியே. எல்லாத்துலயும் வந்து கை வைக்கணுமா உனக்கு?"

"சேச்சி, உங்க முந்தானை." ஆர்யா காட்டினாள். சேலைத் தலைப்பின் ஓரம் கருகியிருந்தது. "விளிச்சேன். செண்டைச் சத்தத்துல கேக்கல்ல. அதான் எடுத்தேன்."

பகவதி கருகின தலைப்பைப் பார்த்தாள்.

ஆர்யா சூடுபட்ட விரலை உதறிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கோபம் வரும்னு தெரியும் சேச்சி. நாம வெச்சத இன்னொருத்தர் ஒரு வார்த்தை பறயாம எடுத்தா எப்படி இருக்கும்னு எனக்கும் தெரியும். நம்பி சார் வீட்டில சொல்லியிருப்பாரே."

"ஒண்ணும் சொல்லல."

"என் கட்டமெல்லாம் எடுத்து மூலைல வெச்சார். ஒவ்வொண்ணா. நான் இங்கிட்டு பார்த்துட்டே இருக்கேன். ஒரு வார்த்தை கிடையாது. என் வேலைக்கு இவ்வளவுதான் மதிப்பான்னு அழுகை வந்துட்டு. மீட்டிங்ல எல்லாரு முன்னாலயும் கேட்டேன், இது யாரு செஞ்சதுன்னு."

"என்ன சொன்னாவ?"

"நான்தான்னார். ஆபீஸ்ல எல்லாரும் இப்ப என்ன பறயுது, அறியுமோ? சின்னப் பொண்ணு மேல வந்துட்டான்னு அசூயையாம்."

செண்டைச் சத்தம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. நான்தான் என்றாரா? பகவதியின் பொறாமைக்கு அவன் பேர் எழுதப்பட்டு ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"அவரில்ல," என்றாள். "நானாக்கும். அவரு குளிக்கப் போயிருந்தாரு. நான் உக்காந்து எடுத்து வெச்சேன்."

ஆர்யா திரும்பிப் பார்த்தாள். ஏன் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமலே புரிந்துகொண்டாள். புரிந்தபோது அவள் முகம் சிவந்தது.

"என்னடி, ரெண்டு பேருக்கும் கண்ணு கலங்குது?" என்றாள் அம்மிணி வெல்லத்தோடு.

"புகைம்மா." பிறகு தாழ்ந்த குரலில், "சேச்சி, உள்ளதப் பறயட்டா? அந்த மனுஷன் என்கிட்ட பேசினா கட்டம், கோடு. கோடு, கட்டம். மூணாவதா ஒரு வார்த்தை வந்ததில்ல."

பகவதிக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே, என் புருஷனுக்கு என்ன குறை என்று லேசாக ஒரு கோபமும் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஆர்யா வேறு குரலில் கேட்டாள். "மௌஸ் பிடிக்க ஆரு படிப்பிச்சது?"

"ஒருத்தரும் இல்ல. உன் கட்டம் அங்க நிக்கது பிடிக்கல. இழுத்தேன், வந்துது."

ஆர்யா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிய பகவதிக்குச் சற்று நேரமாயிற்று. "இதுக்காக்கும் நானும் சாரும் ஆறு மாசம் அடிச்சுக்கிட்டது. படிக்காம யாராலயும் செய்ய முடியாதுன்னு அவரு. முடியும்னு நான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. "ஆனா நோவு நோவுதான் சேச்சி. அன்னைக்கு ராத்திரி நான் சோறு உண்ணல்ல."

"அவரும் உண்ணல," என்றாள் பகவதி. அதற்குமேல் மன்னிப்பு கேட்க அவளுக்கு வரவில்லை. எழுந்து போய், ஓடைப் பக்கமிருந்த அவர்கள் அடுப்பில் எரிகிற கொதும்பு ஒன்றை எடுத்தாள். எடுக்குமுன் ஆர்யாவின் முகத்தைப் பார்த்தாள். ஆர்யா தலையசைத்தாள். அந்தத் தீயில்தான் பகவதியின் கலம் மறுபடி பொங்கியது. மேற்கே சாய்ந்து வழிந்தது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

பிற்பகல் தீர்த்தம் தெளித்து முடிந்து, கலங்களைத் தலையில் தூக்கிக்கொண்டு கூட்டம் கலைந்தது. ஆர்யாவும் அம்மாவும் பஸ் பிடிக்கப் போனார்கள். புகைக்கரி படிந்த வாசலில் நம்பி உட்கார்ந்து பொங்காலைக்கு அவித்த தெரளி அப்பத்தின் இலையைப் பிரித்தான்.

பகவதி எதிரே நின்றாள். "அத்தான். நான் செஞ்சதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவன் நிமிரவில்லை. "பாத்த ஒடனே. பெருசுல இருந்து சிறுசு வரைக்கும் வரிசையா. நம்ம அடுக்களைப் பலகையில பாத்திரம் இருக்க மாதிரி."

"பொறவு என்னத்துக்கு நீங்கதான்னு சொன்னிய? ஆரக் காப்பாத்த? என்னயா, அவளயா?" அன்று முழுக்க அவள் மனசில் சுழன்றது இது ஒன்றுதான். வீட்டுக்காரி பொறாமையில் செய்தாள் என்று ஆபீசில் சொன்னால் ஒரு கல்யாணமாகாத பெண்ணின் பேர் என்னாகும் என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவன் வாயால் வர வேண்டும்.

நம்பி அப்பத்தைப் பிட்டான். தின்னவில்லை. "ரெண்டு பேரயும்னு சொல்லலாம். ஆனா அது நெசமில்ல." இலையை மடித்துக் கீழே வைத்தான். "குளிச்சிட்டு வந்து பாத்தேன்லா. எல்லாம் மூலையில கெடந்துது. நடுவுல என் கட்டம் மட்டும். பாக்க நல்லா இருந்துது பகவதி. ஒரு நிமிஷத்துல திரும்ப எடுத்து வெச்சிருக்கலாம். அவளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். சாயங்காலம் வரைக்கும் நான் தொடல. பாத்துக்கிட்டே இருந்தேன். அப்ப அத நான் செய்யலன்னு எப்படிச் சொல்ல?"

பகவதி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் ஒரே பெண்ணைப் பார்த்து ஒரே வீட்டில் இரண்டு பேரும் வெந்துகொண்டிருந்திருக்கிறார்கள். இவனுக்கு அந்தத் தலைமுடிகூடக் கண்ணில் பட்டிருக்காது. அவன் கையிலிருந்த அப்பத்தில் பாதியை வாங்கித் தின்றாள்.

"ஆபீஸ்ல போயி இதச் சொல்லணும் அவகிட்ட," என்றாள்.

"சொல்லணும்," என்றான்.

சொன்னான். ஆர்யா என்ன பதில் சொன்னாள் என்று பகவதி கேட்டுக்கொள்ளவில்லை. ஜெர்மனிக்காரர்கள் வந்தபோது தாளில் பூட்டு இல்லை. அதற்குப் பதிலாக ஒரு வழக்கத்தைச் சேர்த்திருந்தார்கள். அடுத்தவர் கட்டத்தை யார் இழுத்தாலும் இழுத்தவரின் பேர் சாக்குக்கட்டி எழுத்து மாதிரி அதன்மேல் தெரியும். வீட்டில் வேறு ஆள் உட்கார்ந்தால் பேரைக் கேட்டுக்கொண்டு வேறு அம்பு வரும். சோதித்துப் பார்க்க வெளியாள் ஒருவர் வேண்டும் என்று பகவதிக்கும் ஒரு அம்பு கொடுத்தார்கள். நிறம் அவளே தேர்ந்தெடுத்தாள். மஞ்சள்.

முதல்நாள் நம்பி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தான். என்ன செய்யணும் என்று கேட்டாள். தோன்றுகிறதைச் செய் என்றான். திரையில் சிவப்பு அம்பு வந்தது. பச்சை ஒதுங்கி வழிவிட்டது. வழக்கம்போல இரண்டும் யோசித்துக்கொண்டு ஓரிடத்தில் நின்றன.

மஞ்சள் அம்பு மெதுவாக ஊர்ந்து போய், இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டது.